நாலு ஒயர்லெஸ் செட்டும் அஞ்சு போண்டாவும்

தர்மபுரி மாவட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் ஒயர்லெஸ் செட் வைத்துப் பேசிய முதல் ஆள் நான்தான். (போலீஸ்காரர்களைச் சேர்க்காமல் சொல்கிறேன். அவர்களுக்கு அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது. நான் சொந்தக் கையால் செய்தேன்.) இதை இதுவரை யாரும் மறுத்ததில்லை. மறுக்கும் அளவுக்கு யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். என் மனைவியிடம் இந்தப் பெருமையை ஆரம்பித்தால், "ஆமாங்க, அப்புறம் என்ன ஆச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க" என்பாள். சரி, சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தைந்து வயது. பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடை என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு சால்டரிங் அயர்ன், அப்புறம் சொந்தக்காரர்களே மறந்துபோன பதினேழு ரேடியோக்கள். அங்கிருந்து இரண்டு மைலில் எங்கள் ஊர். அப்பாவுக்கு நிலக்கடலை தெரியும், கேழ்வரகு தெரியும், ரேடியோ மட்டும் தெரியாது. "பையன் என்னங்க பண்றான்?" என்று யாராவது கேட்டால், "கம்பி சூடு பண்றான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கடையில் எனக்குச் சம்பளமில்லாத உதவி ஒன்று இருந்தது, தங்கை விஜயா. பத்தாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் வருவாள். நான் மூன்று நாளாகத் தட்டித் தட்டிப் பார்த்த ரேடியோவை ஒரு தடவை குனிந்து பார்ப்பாள். "அண்ணா, இந்தக் கம்பி விட்டிருக்குது பாரு" என்று விரலால் காட்டிவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்த ரேடியோவை வாங்க வருகிறவரிடம், ரொம்பச் சிக்கலான வேலை என்று நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வேன்.

அவளுக்கு நல்லம்பள்ளியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், பள்ளிக்கூட வாத்தியார். சிக்கல் அவருடைய தாய்மாமன் சின்னசாமி. மாப்பிள்ளைக்கு மூன்று வயதில் அப்பா போய்விட, தூக்கி வளர்த்து ஆளாக்கியவர் இவர்தான். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நிச்சயத்தன்று காபி தனக்கு மூன்றாவதாக வந்தது என்று தொடாமல் எழுந்துவிட்டார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கம்பைநல்லூர்ப் பக்கம் இன்னொரு அக்கா மகனுக்குப் பெண் எடுத்தபோது, ஊர் எல்லையில் மேளதாளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைக்கப் பெண் வீட்டார் அரைமணி நேரம் தாமதித்துவிட்டார்கள். மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை.

இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டு வேன் நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரி வந்து, அங்கிருந்து பாப்பாரப்பட்டி ரோட்டில் எங்கள் ஊருக்கு வரவேண்டும். நாலு மணிக்கும் வரலாம், ஏழு மணிக்கும் வரலாம். வழியில் ஒரு வீட்டிலும் போன் கிடையாது. மேளக்காரர்களை மூன்று மணி நேரம் எல்லையில் நிற்கவைத்தால் அவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். நிற்கவைக்காவிட்டால் மாமா கிளம்பிப் போய்விடுவார். அப்பா தினமும் ராத்திரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் எழுந்து நின்றேன். வேனுக்குப் பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள், பாதி வழியில் ஒரு மோட்டார் சைக்கிள், ஊருக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், வீட்டில் ஒரு ஆள், எல்லாரிடமும் ஒயர்லெஸ் செட். வேன் எங்கே வருகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் வீட்டுக்குத் தெரியும், சரியாகப் பத்து நிமிஷம் முன்னால் மேளம் கிளம்பினால் போதும் என்று விளக்கினேன்.

"இதுல ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சுன்னா, அந்தப் புள்ள வாழ்க்கைடா" என்றார் அப்பா.

"அப்பா, இது சயின்ஸ்" என்றேன். (இருபத்தைந்து வயதில் இப்படியெல்லாம் பேச வாய் வரும்.)

பெங்களூரில் பழைய சாமான் சந்தையில் செட்டுகளை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். மூடிப்போன ஏதோ கல் குவாரியில் உபயோகித்தவை. செங்கல் கனம், செங்கல் அளவு. நாலு செட்டையும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு செட்டுக்குள்ளும் சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு கிரிஸ்டல் செருகியிருக்கும். ஒன்று பேசுவதற்கு, ஒன்று கேட்பதற்கு. அந்த இரண்டும்தான் எந்த அலைவரிசை என்று தீர்மானிப்பவை. நாலு செட்டிலும் நாலு ஜாதி கிரிஸ்டல். எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி வேண்டும்.

திரும்பவும் பெங்களூர் பஸ். கடைக்காரர் "ஆகல்லா, ஆகல்லா" என்று கையை விரித்தார். நான் அவர் கடை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்த கிரிஸ்டல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே பொறித்திருந்த நம்பரைப் படித்தேன். மூன்று பயணம். மூன்றாவது தடவை அவரே எனக்கு டீ சொல்லிவிட்டார். எட்டு கிரிஸ்டலும் கிடைத்த அன்று, பஸ்ஸில் அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டே தர்மபுரி வரை வந்தேன்.

கிரிஸ்டலை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு செட்டையும் அதற்கேற்ப இணக்க வேண்டும், அதாவது ட்யூன் பண்ண வேண்டும். ஏரியல் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன டார்ச் பல்பை மாட்டிவிட்டுப் பேசும் பட்டனை அமுக்கினால் பல்பு மங்கலாக எரியும். உள்ளே இருக்கும் திருகைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் ஏறும். இரும்பு ஸ்குரூ டிரைவர் கிட்டே போனாலே கணக்கு கெட்டுவிடும் என்பதால் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டோம். முதல் மூன்று செட்டை நான் இணக்கினேன். நாலாவது செட்டைக் கல்யாணப் பெண் இணக்கினாள். அந்த ஒன்றில்தான் பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது. அதையே வீட்டு செட்டாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த முடிவுக்காக நான் பின்னால் வருந்தினேன்.

வண்டிகளுக்கு ஆள் பிடிப்பது சுலபமாக இருந்தது. வேனுக்குப் பின்னால் போக என் சிநேகிதன் அன்வர். சந்தை சந்தையாகப் போய் வளையல் விற்கிறவன், கல்யாண வளையல் முழுக்க அவன் கொடுத்ததுதான். எதைப் பார்த்தாலும் கலர் கலராக வர்ணிக்காமல் அவனால் இருக்க முடியாது. நடுவில் நிற்க என் சித்தப்பா பையன் கோவிந்தன், ஒரு நாளைக்கு நாலே வார்த்தை பேசுகிறவன். ஊருக்கு ஒன்றரை மைல் முன்னால் ரோட்டோரம் சின்னப் பாறைக்குன்றாக நிற்கும் கரட்டு மேல் நான். வீட்டில் விஜயா. செட்டை எப்படி அமுக்க வேண்டும் என்று வேறு யாருக்கும் கற்றுக்கொடுக்க நேரமில்லை, அவளும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கல்யாணப் பெண் கையில் ஒயர்லெஸ்ஸா என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

செட்டைச் சைக்கிள் டியூப்பை நறுக்கிப் பெட்ரோல் டேங்க் மேல் கட்டினோம். என்ஜின் ஓடினால் செட்டில் கடலை வறுக்கிற சத்தம்தான் வரும் என்பதால், நின்று, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். இதோடு விட்டிருக்கலாம். நான் சட்டதிட்டம் வேறு எழுதினேன். கேட்ட சேதியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அடுத்த ஆளுக்குச் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். சொன்ன சேதி போய்ச் சேரும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. எந்தச் சேதியையும் விடக் கூடாது, முதலிலிருந்து வரிசையாக வரவேண்டும். ஒவ்வொரு முறையும் பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். இதை நாலு காகிதத்தில் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். அப்படி ஒரு பெரிய ஆபீசர் நினைப்பு எனக்கு.

இதற்கு நடுவே அப்பா தன் பங்குக்கு ஒரு பெருமை செய்துவைத்தார். மைக்செட்காரரிடம் எட்டுக் குழாய் ஸ்பீக்கர் சொல்லி, வீட்டிலிருந்து எல்லைப் புளியமரம் வரை அரை மைலுக்கு ஒயர் இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டார். ஆம்ப்ளிபையர் சூடாகிறது என்று மைக்செட்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் போய் அதன் இரும்பு மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். இனி காற்று நன்றாகப் போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆம்ப்ளிபையர் இருந்தது நெல் மூட்டை அறைக்கு வெளியே. அதே சுவருக்கு உள்ளே, ஜன்னல் இல்லாத அந்த அறையில், சத்தம் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று விஜயாவைச் செட்டோடு உட்காரவைத்ததும் நான்தான்.

ரேடியோ தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் பலமான ஒயர்லெஸ் ஒன்று பேசினால், அரை மைல் ஒயர் அதை ஏரியல் மாதிரி இழுத்துக்கொள்ளும். மூடியில்லாத ஆம்ப்ளிபையர் அதை அப்படியே ஸ்பீக்கரில் விட்டுவிடும். அதாவது விஜயா பட்டனை அமுக்கிப் பேசுவதெல்லாம் எட்டுக் குழாயிலும் ஊருக்கே கேட்கும். நாங்கள் ஒத்திகை பார்த்த அன்று மைக்செட் வந்திருக்கவில்லை. அதனால் இது யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணிக்குக் கரட்டு மேல் நின்றிருந்தேன். புது பேன்ட், புது சட்டை, கழுத்தில் கர்சீப். முதல் சேதி வந்தது. அன்வர் கோவிந்தனுக்குச் சொல்லி, கோவிந்தன் எனக்குச் சொல்லி, நான் விஜயாவுக்குச் சொன்னேன். விஜயா திருப்பிச் சொன்னாள்: "வண்டி தர்மபுரி தாண்டிருச்சு. ஓவர்."

அடேயப்பா, என்ன தெளிவு! அவள் குரல் என் கையிலிருந்த செட்டில் மட்டுமா கேட்டது, ஆகாயத்திலேயே கேட்டது. சந்தேகத்துக்கு செட்டின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். குரல் குறையவில்லை. பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. மூங்கில் குச்சி வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாக ஒரு செட்டை இணக்க முடியும் என்று அதுவரை எனக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரிலும் பெருமைதான் என்று பின்னால் தெரிந்தது. பெண்ணே மைக்கில் வந்து மாப்பிள்ளை வண்டி எங்கே வருகிறது என்று சொல்வதைக் கேட்டு, இது நான் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அப்பா பந்தலில் நின்று, "எம்பையன் வெச்ச செட்டுங்க" என்று நாலு பேரிடம் சொன்னாராம். அறைக்குள் செட்டை ஒரு காதில் அழுத்தி, இன்னொரு காதில் விரல் வைத்து உட்கார்ந்திருந்த விஜயாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. (விரல் வைக்கச் சொன்னதும் நான்தான்.)

இரண்டாவது சேதி: "வண்டி டீக்கடையில நிக்குது. எல்லாரும் எறங்கிட்டாங்க. ஓவர்." இதைக் குழாயில் கேட்டதும், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அப்பா மேளக்காரர்களை டிபன் சாப்பிட உட்காரவைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. காரணம் கோவிந்தன். அவன் செட்டையும் வண்டியையும் மரத்தடியில் விட்டுவிட்டு, யாருடைய காட்டிலோ இறங்கி நிலக்கடலைச் செடி பிடுங்கித் தின்றுகொண்டிருந்தான். அங்கே டீக்கடையில் அன்வர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. சொன்ன சேதி சேராமல் நகரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஆகவே நகராமல் நின்று, பார்த்ததையெல்லாம் வளையல் பெட்டி அட்டையில் வரிசையாக எழுதிக்கொண்டான். வேன் கிளம்பிப் போனது. அதையும் எழுதிக்கொண்டான். வேன் கோவிந்தனைத் தாண்டியது. கோவிந்தன் குனிந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக அவன் திரும்பி வந்து "ஓவர்" என்றதும், அன்வர் அட்டையை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான்.

கோவிந்தன் சொல்லச் சொல்ல நான் விஜயாவுக்குச் சொன்னேன், விஜயா திருப்பிச் சொன்னாள். "சின்னசாமி மாமா மட்டும் எறங்கல. மூஞ்சிய உர்ருன்னு வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. ஓவர்." அடுத்தது: "மாமா எறங்கிட்டாரு. போண்டா வாங்கறாரு. ஓவர்." இந்த விவரமெல்லாம் எதற்கு என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவனே மாற்றலாமா? "மாமா ரெண்டாவது போண்டா சாப்பிடறாரு. ஓவர்."

அந்த நேரத்தில் கரட்டுக்குக் கீழே ரோட்டில் ஒரு வேன் போனது. முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது, கண்ணாடியில் மாலை. நான் கொஞ்ச நேரம் அதை ரசித்துப் பார்த்தேன். யாரோ கல்யாணக்காரர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அந்த ரோட்டில் எங்களைத் தவிர வேறு கல்யாணம் கிடையாது.

பட்டனை அமுக்கி அமுக்கிக் கத்தினேன். இந்தச் செட்டில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். விஜயா முடித்ததும் கோவிந்தன் ஆரம்பிக்கிறான். இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்து அன்றைக்குப் பேசினான். என்னிடமிருந்து பதில் வராததால் அவன் சேதியை நேராக விஜயாவுக்கே சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, நடுவில் மூச்சுவிட இடமில்லை. செட்டைத் தூக்கிக்கொண்டு கரட்டிலிருந்து ஓடி இறங்கினேன். சப்பாத்திக் கள்ளியில் புது பேன்ட் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கிழிந்தது. வண்டி ஏழாவது உதைக்குத்தான் கிளம்பியது.

எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேன் புளியமரத்தடியில் நின்றிருந்தது. மேளம் இல்லை, தட்டு இல்லை, மாலை இல்லை. ஒரு நாய் இருந்தது. சின்னசாமி மாமா கீழே இறங்கி, தலையை அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தில் குழாய் ஸ்பீக்கர். நாதஸ்வர இசைத்தட்டுக்கு மேலே, கணீரென்று என் தங்கையின் குரல்:

"மாமா நாலாவது போண்டா சாப்பிடறாரு. சட்னி பத்தலன்னு கடைக்காரர வையறாரு. ஓவர்."

ஆகாயத்தில் கேட்ட குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மரத்தையே பார்த்தார்.

"அஞ்சாவது போண்டா வாங்கிட்டாரு. பொண்ணு வூட்டு சோத்த நம்ப முடியாது, வயித்த இங்கயே ரொப்பிக்கலாம்னு சொல்றாரு. ஓவர்."

வேனுக்குள் இருபது பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். (சிரிப்பை அடக்கியதாகப் பின்னால் அவரே சொன்னார்.) மாமா குரலை உயர்த்தவே இல்லை.

"டிரைவர், வண்டியத் திருப்புப்பா" என்றார்.

கம்பைநல்லூர் கதை என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் யாருமில்லை. கையில் செட் ஒன்றுதான் இருந்தது. அமுக்கினேன். "விஜயா, போதும் நிறுத்து. வண்டி எல்லைக்கு வந்துருச்சு, இங்க ஒருத்தரும் இல்ல. மாமா கோவிச்சிக்கிட்டு வண்டியத் திருப்பச் சொல்றாரு. ஓவர்." ஒயருக்குக் கீழேயே நின்று பேசியதால் அதுவும் எட்டுக் குழாயில் ஊர் முழுக்கக் கேட்டது. இட்லி இலையை விட்டு மேளக்காரர்கள் எழுந்தது அப்போதுதான்.

அன்று முதல் தடவையாக விஜயா என் சட்டத்தை மீறினாள். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. மரத்திலிருந்து தன் பேச்சைப் பேசினாள். எனக்கு மட்டும் பேசுவதாக நினைத்துத்தான் பேசினாள்.

"அவரு கோவப்படட்டும்ண்ணா. அப்பா இல்லாத புள்ளயத் தோள்ல போட்டு வளத்தவரு, அவருக்கில்லாத உரிமையா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எல்லாரும் எங்கிட்ட சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமான்னு கேட்டாங்க. அவரு ஒருத்தருதான் கடைசில, 'ஏம்மா, உனக்குப் புடிச்சிருக்குதா'ன்னு கேட்டாரு. நம்ம வூட்டுல கூட யாரும் அதக் கேக்கல. நீ சண்டை போடாத. மொத மாலைய மாப்பிள்ளைக்குப் போடாத, அவருக்குப் போடு. அஞ்சு போண்டா சாப்புட்டிருக்காருன்னா காலையிலருந்து பட்டினியா அலைஞ்சிருப்பாரு. கூட்டிட்டு வா, எல போடச் சொல்றன். ஓவர்."

நம் வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை என்றாளே, அந்த யாரும் என்பதில் நானும் உண்டு.

மாமா மரத்தை விட்டுப் பார்வையை எடுக்க ரொம்ப நேரமாயிற்று. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மாமா என் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"அந்தப் பொட்டிய இப்பிடிக் குடு. எத அமுக்கணும்?"

காட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, நான் சின்னசாமி பேசறன். நாலுதான். அஞ்சாவது டிரைவருக்கு வாங்குனது." பட்டனை விட்டார். பிறகு ஞாபகம் வந்து மறுபடி அமுக்கி, "ஓவர்" என்றார்.

அரை மைல் தள்ளி எங்கள் ஊர் மொத்தமும் சிரித்த சத்தம் எல்லை வரைக்கும் வந்தது. வேனும் வெடித்துச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். வேன் வந்து நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது, தூசியெல்லாம் எப்போதோ அடங்கிவிட்டது.

அப்பா மாலையைத் தூக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடிவந்தார். பின்னால் மேளம், ஒரு வித்வான் வாயில் இன்னும் இட்லி. மாப்பிள்ளைக்கு மாலை போடுவது பெண்ணின் அண்ணன் வேலை. அப்பா கையிலிருந்து மாலையை வாங்கி, கிழிந்த பேன்ட்டோடு நடந்து போய், சின்னசாமி மாமா கழுத்தில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ரெண்டாவது மாலை.

கொஞ்ச நேரம் கழித்து அன்வர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். என்னிடம் அட்டையைக் காட்டி, "டேய் பழனி, கடைசிச் சேதி சேந்துச்சா? வண்டி கிளம்பிருச்சுன்னு ஒண்ணு இருந்துச்சே" என்றான்.

விஜயாவுக்கு நடந்ததைச் சித்தி சொன்னதும், நெல் மூட்டை அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம் திறக்கவில்லை. மாமாவே போய்க் கதவுக்கு வெளியே நின்று, "எல போட்டாச்சும்மா, நீ வந்தாத்தான் ஒக்காருவேன்" என்ற பிறகுதான் திறந்தாள்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. விருந்துக்கு வந்திருந்த தூரத்துச் சொந்தம் ஒருவர் போலீசில் இருந்தார். இந்த மாதிரி செட்டுக்கு லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வைப்பார்கள் என்று பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் எனக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். தான் எதையும் கேட்கவில்லை என்றும் சொன்னார். (நாலு ஊருக்குக் கேட்டது அவருக்கு மட்டும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.) அன்று சாயங்காலமே நாலு செட்டையும் பிரித்துப் போட்டேன். எட்டுக் கிரிஸ்டலும் இன்றைக்கும் என் மேசை டிராயரில் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன.

அப்பா அதைப் பற்றி ஒரு வாரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் கடைப்பக்கம் வந்தவர், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கம்பி நல்லாத்தான் சூடு பண்ற" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அதுதான். விஜயா இணக்கிய செட்டுக்காகக் கிடைத்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

சின்னசாமி மாமா இருந்தவரைக்கும் விஜயா வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டமாட்டார். வாசலில் நின்று, "யம்மா, வந்துட்டன், ஓவர்" என்பார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், இன்றைக்கும் சின்னப் பிள்ளைகூட "எத்தனாவது போண்டா?" என்று கேட்கும். எல்லையில் முதல் மாலை தாய்மாமனுக்கு என்பதும் எங்களுக்குள் சட்டமாகிவிட்டது. நான் எழுதிய சட்டங்களில் ஒன்றுகூட நிலைக்கவில்லை. அவள் சொன்னதுதான் நிலைத்தது.

போன தை மாதம் விஜயாவின் மகனுக்குக் கல்யாணம். இப்போது தாய்மாமன் நான். கிளம்பும்போது என்னை இரண்டாவது வேனில், அதுவும் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். வழி நெடுக நான் ஒருத்தரோடும் பேசவில்லை. எல்லையில் இறங்கியபோது பெண்ணின் தம்பி மாலையோடு நின்றான். மாப்பிள்ளையைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, நேராகப் பின்னால் நின்ற என்னிடம் வந்து கழுத்தில் போட்டான். விஜயா முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். மாலை விழுந்ததும் நான் முதலில் தலையை நிமிர்த்தி, மரத்தில் குழாய் கட்டியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இல்லை. ஆனாலும் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

அறுபது வயதுத் தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். மாலையைச் சரி செய்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், "அண்ணா, வழியில எத்தன போண்டா?" என்றாள்.

"மூணுதான்" என்றேன்.

பின்னாலிருந்து அன்வர் தொண்டையைக் கனைத்தான்.

"நாலு. நான் எண்ணிட்டுத்தான் வந்தேன். ஓவர்."